கூர் ஏறணும், பதம் போகக் கூடாது: அரிவாளுக்கும் கத்திக்கும் சாணைப் பட்டை

களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து நம் நிலத்தில் அரிவாளுக்கு வேலை கூடிவிடுகிறது. வரப்புப் புல்லை அறுக்க வேண்டும். கிளைரிசிடியாவைக் கழித்து மூடாக்குப் போட வேண்டும். மாட்டுக்குத் தீவனம், வாழையில் காய்ந்த இலை, பூக்கும் முன் சாய்க்கிற சணப்பை, தக்கைப்பூண்டு என்று எல்லாம் வெட்டுகிற வேலை. விதை பற்றியும் பஞ்சகவ்யா பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். அரிவாளின் கூர் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் குடியிருப்பது மேற்கு மாம்பலம். நிலம் செங்கல்பட்டு தாண்டி, மதுராந்தகம் பக்கம். போகும்போதெல்லாம் மழுங்கிய அரிவாள்களையும் கவாத்துக் கத்திகளையும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கும் சிறிய பட்டைச் சாணை மெஷினில் தீட்டி எடுத்துப் போவேன். பழக்கமான உழவர்களும் கொடுத்து அனுப்புகிறார்கள். எங்கள் தெருவில் மரச்சட்டத்தில் சக்கரம் வைத்துக் காலால் மிதித்துச் சாணை பிடிப்பவர் எப்போதாவதுதான் வருகிறார். கிராமங்களிலும் கொல்லுப் பட்டறைகள் குறைந்துகொண்டே போகின்றன. அதனால் பலர் இப்போது பட்டை மெஷின் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் எந்தப் பட்டையை வாங்குவது, எப்போது மாற்றுவது என்று தெரியாமல் ஓட்டினால், கொல்லர் பார்த்துப் பார்த்து ஏற்றிய பதம் ஒரு நிமிடத்தில் போய்விடும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

மொண்ணை அரிவாள் என்ன செய்யும்?

"மொண்ண அருவாள வச்சிக்கினு எவ்ளோதான் அறுக்கிறது, தோளு கழண்டு போவுது" என்று எங்கள் நிலத்தில் அறுப்புக்கு வரும் அக்கா சொல்வார். கூர் இல்லாவிட்டால் அறுப்பதற்குப் பதில் இழுக்க வேண்டியிருக்கிறது. கை வழுக்கும், காயமும் அதில்தான் அதிகம்.

செடிக்கும் இதே கதைதான். அரைக்கீரையைக் கிள்ளாமல் அறுத்து, அடுத்தடுத்து தழைய விடுகிறோம். தண்டு நசுங்கினால் அந்த இடம் அழுகும், துளிர் தாமதமாகும். பி.கே.எம். 1 முருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில் வெட்டி மறுதாம்பு விடுவோம். மழுங்கிய கொடுவாளால் கொத்தினால் பட்டை உரிந்து தொங்கும். அந்தக் காயத்தில் தண்ணீர் இறங்கும், பூசணம் பிடிக்கும். பூசணக்கொல்லி தெளிக்காத நமக்குச் சுத்தமான வெட்டுதான் முதல் பாதுகாப்பு.

பட்டைக்குள் இருப்பது நம் ஊர்க் கல்

சாணை நமக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் 'கோரண்டம்' என்று சொல்லும் கடினமான கனிமத்தின் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதாக அகராதிகள் சொல்கின்றன. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் இந்தக் கல் கிடைக்கிறது. கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, குருந்தம் 9. குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டுப் பழைய முறை.

குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினியம் ஆக்சைடு. இன்று அதையே பாக்சைட்டிலிருந்து மின் உலையில் உருக்கிச் செய்கிறார்கள். சென்னையில் 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளின் கூட்டில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. சாணைப் பொருள்கள் இங்கேயே பெரிய அளவில் தயாராக ஆரம்பித்தன. இன்று பல கம்பெனிப் பட்டைகள் பாரிமுனைப் பக்கத்துக் கருவிக் கடைகளிலும் மாவட்டத் தலைநகர்களிலும் கிடைக்கின்றன.

பட்டை என்பது மூன்று அடுக்கு. கீழே துணி, அதன்மேல் பிசின், பிசினில் நட்டு வைத்ததுபோல் துகள்கள். துகள்களின் மேலே இன்னொரு பூச்சுப் பிசின். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உளி. உளி கூராக இருந்தால் இரும்பைச் சீவும். மழுங்கினால் இரும்பைத் தேய்த்துச் சூடாக்கும். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

எந்தத் துகள் வாங்குவது?

பழுப்பு அலுமினியம் ஆக்சைடு: நம் அரிவாள், கொடுவாள், வெட்டுக்கத்தி எல்லாம் பெரும்பாலும் கார்பன் எஃகு. பல பட்டறைகளில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை. இவற்றுக்கு இதுவே போதும், விலையும் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதையே வாங்குங்கள்.

ஜிர்கோனியா: பெரும்பாலும் நீலம் அல்லது பச்சை நிறத்தில் வரும். முரட்டு வேலைக்கானது. நன்றாக அழுத்தினால்தான் இதன் துகள் உடைந்து புதுக்கூர் காட்டும். மென்மையாகத் தீட்டும் வேலையில் இதன் பலன் கிடைக்காது. முனை உடைந்த கொடுவாளைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு உதவும்.

செராமிக்: விலை அதிகம். வேகமாகச் சீவும், சூடு குறைவு, நீண்ட நாள் உழைக்கும். தினமும் பத்து இருபது கருவி தீட்டும் குழுக்களுக்குக் கணக்கு ஒத்துவரும். வாரம் இரண்டு அரிவாள் தீட்டுகிறவருக்குத் தேவையில்லை.

சிலிக்கான் கார்பைடு: கறுப்பாக இருக்கும். மிகக் கூரானது, ஆனால் நொறுங்கும். கல், கண்ணாடி, பித்தளைக்கு நல்லது. எஃகில் சீக்கிரம் மழுங்கிவிடும். தண்ணீர் தொட்டு நைசாக முடிக்கும் கடைசி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

துணியின் தடிமனையும் கேளுங்கள். பட்டையின் முதுகில் எழுத்து போட்டிருக்கும். 'ஜே' என்றால் மெல்லிய, வளைந்து கொடுக்கும் துணி. 'எக்ஸ்' நடுத்தரம். 'ஒய்' தடித்த பாலியெஸ்டர். அரிவாளின் உள்வளைவுக்கு 'ஜே' நன்றாக ஒட்டிப்போகும். கொடுவாளுக்கு 'எக்ஸ்' சரி.

எந்த நம்பர்?

உப்புத்தாள் மாதிரிதான் பட்டைக்கும் நம்பர். நம்பர் கூடினால் துகள் நைசு. 'பி' எழுத்துப் போட்ட பட்டையில் 80 என்றால் துகள் சுமார் 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. 120 என்றால் 125 மைக்ரான். 400 என்றால் 35 மைக்ரான்.

நான் வைத்திருப்பது மூன்றே மூன்று: 80, 180, 400.

80: வாய் உடைந்த, பல்லுப்பல்லாகப் போன கருவிக்கு மட்டும். நல்ல அரிவாளை இதில் வைத்தால் இரும்பு வீணாகக் கரையும். இரண்டு வருடம் வர வேண்டிய அரிவாள் ஒரே வருடத்தில் ஒல்லியாகிவிடும்.

180: மழுங்கிய கருவிக்கு வழக்கமான வேலை. பெரும்பாலான நாள் இங்கிருந்து தொடங்கினால் போதும்.

400: 180 விட்ட கீறல்களை ஆற்றி, பிசிறு எடுக்க.

ஒரு பட்டையிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது நம்பர் ஏறத்தாழ இரண்டு மடங்குக்கு மேல் தாண்டாமல் இருப்பது நல்லது. 80இலிருந்து நேரே 400க்குப் போனால் பெரிய கீறல் அப்படியே நிற்கும், நைசுப் பட்டைதான் வீணாகும்.

இன்னும் நைசாக, 800, 1000 என்று போகலாமா? புல்லுக்கும் கீரைக்கும் வேண்டியதில்லை. 400இல் நிறுத்தினால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கும். நார் உள்ள தண்டைப் பற்றி இழுக்க அதுதான் உதவும். தக்காளி நறுக்கும் கத்திக்கும் இதே கணக்குதான்.

அளவு, மூட்டு, அம்புக்குறி

பட்டையின் அளவு மெஷினைப் பொறுத்தது. மேசையில் வைக்கும் சிறிய மெஷின்களில் 25 மி.மீ. அகலம், 762 மி.மீ. நீளம் அதிகம். கத்தி செய்பவர்கள் 50 மி.மீ. அகலம், 1829 மி.மீ. நீளம் வைத்திருப்பார்கள். நீளமான பட்டை ஒரு சுற்று வருவதற்குள் ஆறிவிடும், துகளும் அதிகம். பலருக்குச் சேர்த்துத் தீட்டுவதானால் நீளப் பட்டை மெஷினே லாபம். மெஷின் வாங்கும் முன் அந்த அளவுப் பட்டை உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பட்டையின் இரு முனைகளையும் ஒட்டிய மூட்டு இரண்டு வகை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிய மூட்டு என்றால் முதுகில் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில்தான் ஓட வேண்டும். மாற்றி மாட்டினால் மூட்டு கருவியில் தட்டித் தட்டிப் பிரிந்துவிடும். முனைக்கு முனை வைத்துப் பின்னால் டேப் ஒட்டிய மூட்டு என்றால் பெரும்பாலும் எந்தப் பக்கமும் ஓடும். கடையில் வாங்கும்போதே மூட்டை விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் வேறு கேளுங்கள்.

சூடுதான் எதிரி

கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது இரும்பு கடினமாகிறது. பிறகு லேசாகச் சூடு காட்டி, நொறுங்காத பதத்துக்குக் கொண்டுவருகிறார். எவ்வளவு சூடு என்று நிறத்தைப் பார்த்தே சொல்வார்கள். சுத்தமாகத் தேய்த்த எஃகில் சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள் தெரியும். 250, 260இல் பழுப்பு. 280இல் ஊதா. 300ஐ நெருங்கினால் நீலம். கருவிக்கேற்ற நிறத்தில் நிறுத்துவதுதான் அவர் கைத்திறன். திருப்பாச்சேத்தி அரிவாள் பேர் வாங்கியதும் இப்படிப்பட்ட பதத்தால்தான்.

பட்டையில் தீட்டும்போது விளிம்பில் அதே சூடு நாம் அறியாமல் ஏறுகிறது. விளிம்பு தாள்போல் மெல்லியது, சூடு ஓடிப்போக இடமில்லை. திடீரென்று ஒரு நீலக் கோடு தெரிந்தால் அந்த இடம் கொல்லர் நிறுத்திய அளவைத் தாண்டி மெத்துப் போயிருக்கலாம். கூர் ஏறின மாதிரி இருக்கும், வயலில் பத்து நிமிடத்தில் மடங்கிவிடும். "புது மெஷின்ல தீட்டினேன், கூரே நிக்கலை" என்று சொல்கிறவர்களின் அரிவாளை வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் இதுதான் காரணம். நீலம் ஏறிய பகுதி முழுவதையும் ஆறவிட்டு ஆறவிட்டுத் தேய்த்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வளவு இரும்பும் நஷ்டம்.

சூட்டைத் தடுக்க நான்கு வழி:

ஒன்று, வேகம். பட்டையை ஓட்டும் சக்கரத்தின் சுற்றளவை மோட்டார் சுற்றால் பெருக்கினால் பட்டையின் வேகம் வரும். 100 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 314 மி.மீ. மோட்டார் 1440 சுற்று என்றால் நிமிடத்துக்குச் சுமார் 450 மீட்டர். 2880 சுற்று என்றால் 900 மீட்டர். தீட்டும் வேலைக்கு மெதுவாக ஓடுவதே நல்லது. வாங்கும்போது 1440 சுற்று மோட்டாரோ வேகம் குறைக்கும் வசதியோ உள்ளதாகப் பாருங்கள்.

இரண்டு, தண்ணீர். பக்கத்தில் ஒரு வாளி. ஒரு இழுப்பு, ஒரு முக்கு. விளிம்பில் ஒட்டிய தண்ணீர் பட்டையில் வைத்ததும் காய ஆரம்பித்தால் உடனே எடுத்து முக்குங்கள். கையில் சுடும்வரை காத்திருக்காதீர்கள். முதுகு சுடும்போது விளிம்பு எப்போதோ வெந்திருக்கும்.

மூன்று, அழுத்தாமை. அரிவாளின் எடையே போதும்.

நான்கு, பட்டை புதிதாக இருப்பது. மழுங்கிய பட்டைதான் சூட்டுக்கு முதல் காரணம்.

"ஏன் சார், பட்டை இன்னும் கிழியலையே, அதுக்குள்ள ஏன் மாத்தணும்?" என்று கேட்பார்கள். கிழிவது அடையாளமல்ல. தீப்பொறி குறைகிறதா, முன்பைவிட அழுத்த வேண்டியிருக்கிறதா, கருவி சீக்கிரம் சுடுகிறதா, பட்டை வெளிச்சத்தில் கண்ணாடிபோல் மினுங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு இருந்தாலே அந்தப் பட்டைக்கு எஃகு வேலை முடிந்தது. பட்டையின் விலை அரிவாளின் விலையைவிடக் குறைவு. பட்டையில் மிச்சம் பிடிக்கப் போனால் இரும்பில் இழப்போம்.

பிடிக்கும் முறை

பட்டை கருவியின் முதுகுப் பக்கம் ஏறி விளிம்புப் பக்கம் இறங்க வேண்டும். பட்டை கீழ்நோக்கி ஓடினால் கூர் விளிம்பும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். எதிர்த்துப் பிடித்தால் விளிம்பு பட்டையைக் கிழித்து, கருவி கையை விட்டுப் பறக்கும். இதில் விளையாட்டு வேண்டாம்.

காய்கறிக் கத்திக்கு ஒரு பக்கம் 15 முதல் 20 டிகிரி, புல் அரிவாளுக்கு 20 முதல் 25, மரம் வெட்டும் கொடுவாளுக்கு 25 முதல் 30. கோணமானி வேண்டாம். ஒரு தாளின் மூலையை, அதாவது 90 டிகிரியை, இரண்டு முறை சரிபாதியாக மடித்தால் 22.5 டிகிரி கிடைக்கும். அதை மெஷின் பக்கத்தில் ஒட்டி வைத்துக் கண்ணால் ஒப்பிடுங்கள்.

பட்டைக்குப் பின்னால் இரும்புத் தகடு உள்ள இடத்தில் தீட்டினால் விளிம்பு தட்டையாக வரும். தகட்டுக்கு மேலே பட்டை தொய்வாக இருக்கும் இடத்தில் தீட்டினால் விளிம்பு லேசாகப் புடைத்து வரும். கட்டையில் விழும் அடியைத் தாங்குவது புடைத்த விளிம்புதான். ஆகவே கொடுவாளைத் தொய்விலும், கத்தியைத் தகட்டிலும் வையுங்கள்.

ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தில் முழு நீளத்துக்கும் பிசிறு தட்டுகிறதா என்று, விளிம்பின் குறுக்கே மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு வந்தால்தான் அடுத்த பக்கம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பத்து முறை பின்னோக்கி இழுத்தால் பிசிறு போய்விடும்.

பட்டையில் வைக்கக் கூடாதவை

பல் வைத்த கருக்கரிவாளைப் பட்டையில் வைக்காதீர்கள். பல் மழித்துவிடும். கொல்லரிடம் பல் வெட்டிக்கொள்வதோ சின்ன அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தொடுவதோதான் வழி. ஒட்டுக்கட்டும் கத்தி ஒரு பக்கம் முற்றிலும் தட்டையாக இருக்க வேண்டும், அதற்குக் கல்லே நல்லது. கவாத்துக் கத்தரியில் சாய்வாக உள்ள பக்கத்தை மட்டும் 400இல் லேசாகத் தொடலாம். தட்டைப் பக்கத்தைத் தேய்த்தால் இரண்டு அலகுக்கும் நடுவே சந்து விழுந்து கிளையை நசுக்கும்.

பட்டையைப் பராமரிப்பது

பட்டையில் இரும்புப் பொடி அடைத்துக்கொண்டால் இயற்கை ரப்பர் கட்டி ஒன்றை ஓடும் பட்டையில் சில நொடி வையுங்கள். அடைப்பை ரப்பர் இழுத்துக்கொண்டு வந்துவிடும். சாணைக்கென்றே விற்கிறார்கள். அடைப்புக்கு இது மருந்து, மழுங்கலுக்கு அல்ல.

வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கத்திலேயே விட்டால் பட்டை நீண்டு, ஓடும்போது ஒரு பக்கமாக ஒதுங்கும். புதுப் பட்டை மாட்டியதும் முதலில் கையால் சுற்றி, நடுவில் ஓடுகிறதா என்று திருகைச் சரிசெய்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி ஈரம் குடித்துச் சுருளும், மூட்டுப் பசை தளரும். மூடியுள்ள பெட்டியில், தரையில் படாமல் வையுங்கள். சிமெண்டுத் தரை, சுவர் ஓரம், வெயில் மூன்றும் ஆகாது. தொங்கவிடுவதானால் ஆணியில் மாட்டாதீர்கள், மடிப்பு விழும், அங்கேதான் அறுந்துபோகும். நான் தடித்த பி.வி.சி. குழாய்த் துண்டைச் சுவரில் அடித்து அதில் மாட்டியிருக்கிறேன். மொத்தமாக வாங்கி வருடக்கணக்கில் வைக்கவும் வேண்டாம். டேப் ஒட்டிய மூட்டு பழசானால் நம்ப முடியாது.

எஃகு வேலை முடிந்த பட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். வெட்டிப் பலகையில் ஒட்டினால் வயலுக்கு எடுத்துப்போகும் கைத்தீட்டுப் பலகை. மண்வெட்டிக் காம்பை வழுவழுப்பாக்கவும், துரு எடுக்கவும் கையால் பயன்படுத்தலாம். ஆனால் மெஷினில் இரும்பு தேய்த்த பட்டையிலேயே மரத்தைத் தேய்க்காதீர்கள். மரத்தூள் சேர்ந்த இடத்தில் அடுத்த முறை இரும்புப் பொறி விழுந்தால் கனன்று தீப்பிடிக்கும். வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகைப் பக்கம் மெஷினை வைக்கவே கூடாது.

கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். துணிக் கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த முந்தானை எதுவும் ஓடும் பட்டைக்கு அருகில் வேண்டாம். தேய்த்த தூளில் பிசினும் உலோகமும் கலந்திருக்கும். அதை எருக்குழியில் கொட்டாதீர்கள், பழைய பட்டையைச் சருகோடு சேர்த்து எரிக்கவும் செய்யாதீர்கள். தனி டப்பாவில் சேர்த்துக் குப்பையில் போடுங்கள்.

தீட்டிய கருவியைத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். தீட்டின கூர் துருவில் போவதுதான் அதிகம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் மெஷின் தேவையில்லை. பத்துப் பதினைந்து உழவர்கள் உள்ள ஒரு குழுவுக்கு ஒரு மெஷின், மூன்று நம்பரில் பட்டை, தீட்டத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். பக்கத்தில் கொல்லுப் பட்டறை இன்னும் இருந்தால் அந்த மெஷினை அவர் பட்டறையிலேயே வைக்கக் கேட்டுப் பாருங்கள். பதம் தெரிந்த கையில் பட்டை இருந்தால் நீலக் கோடு விழாது, அவருக்கும் வருடம் முழுக்க வேலை இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது விதையோடு உங்கள் அரிவாளையும் எடுத்து வாருங்கள். விளிம்பை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துப் பேசுவோம்.